வெளியிடாத செய்தி: நிருபரும் துப்பறிவாளரும் காதலிக்கும் கதைகள் பற்றி

1928 முதல் 1936 வரை அமெரிக்காவின் 'பிளாக் மாஸ்க்' இதழில் ஃபிரெடெரிக் நெபெல் ஒரு துப்பறியும் கதைவரிசையை எழுதினார். டாஷியல் ஹாம்மெட்டுக்குப் பெயர் வாங்கித் தந்த அதே மலிவுவிலை இதழ். ரிச்மண்ட் சிட்டி என்ற கற்பனை நகரம். அங்கே மெக்பிரைட் என்ற கறாரான போலீஸ் கேப்டன். அவரை விடாமல் சுற்றிவரும் கென்னடி என்ற குடிகார நிருபர். இருவருக்கும் இடையே இருந்தது நட்பு, அதிலும் பாதி எரிச்சல். இந்தக் கதைகளை வாங்கிய வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 1937-இல் 'ஸ்மார்ட் பிளாண்ட்' என்ற ஒரு மணி நேரப் படத்தை வெளியிட்டபோது, காவல் நிலையமும் பத்திரிகை அலுவலகமும் கொலையும் இருந்த இடத்தில் இருந்தன. கென்னடி மட்டும் டார்ச்சி பிளேன் என்ற இளம்பெண் ஆகியிருந்தார், மெக்பிரைட் அவளுடைய வருங்காலக் கணவர் ஆகியிருந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து ஹோவர்ட் ஹாக்ஸ் இதே மாற்றத்தை இன்னொரு கதையில் செய்தார். 'தி ஃப்ரண்ட் பேஜ்' நாடகத்தின் ஆண் நிருபரைப் பெண்ணாக்கி எடுத்த 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' படம் திரைப்பட வரலாற்றில் அழியாத இடம் பெற்றது. டார்ச்சி படங்கள் இரட்டைக் காட்சிகளின் இரண்டாவது படமாக ஓடி மறந்துபோயின. ஆனால் நிருபரும் துப்பறிவாளரும் காதலிக்கும் கதை என்று இன்று நாம் அறிந்திருக்கும் வகையின் எலும்புக்கூட்டைப் பார்க்க வேண்டுமானால், மறந்துபோன அந்தப் படங்களுக்குத்தான் போக வேண்டும். நட்பைக் காதலாக மாற்றியதும் கதைக்குள் எது தாங்காமல் விரிசல் விட்டது என்பது அங்கே பட்டவர்த்தனமாகத் தெரிகிறது.

காதல் மர்ம நாவலைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆபத்தைப் பற்றியே பேசுகிறார்கள். கொலைகாரன் நெருங்குகிறான், இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுகிறார்கள், பயத்தில் துடித்த நெஞ்சு காதலில் துடிக்கத் தொடங்குகிறது என்பது வழக்கமான விளக்கம். மெய்க்காப்பாளர் நாயகனாக வரும் கதைக்கு இது பொருந்தலாம். நிருபர், துப்பறிவாளர் கதைக்கு இது போதாது. இந்த இருவரும் ஒரே சரக்கைக் கையாள்பவர்கள். நடந்தது என்ன என்ற தகவல்தான் அந்தச் சரக்கு. ஒருவருக்கு அதை வெளியிடுவது கடமை. மற்றவருக்கு, குற்றவாளி கையில் சிக்கும்வரை அதை மூடிவைப்பது கடமை. காதலோ இருவரிடமும் எதையும் மறைக்காதே என்று கேட்கிறது. ஆகவே இந்தக் கதைவகையில் குற்றத்தின் முடிச்சும் காதலின் முடிச்சும் ஒரே நூலால் போடப்பட்டவை. இதன் தனிச்சிறப்பு அதுவே. ஆனால் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டிய கடைசி அத்தியாயத்தில், பல முறை, நிருபரின் பேனாவைத்தான் கீழே வைக்கச் சொல்கிறார்கள். அதற்கான காரணம் நாம் சட்டென்று நினைப்பதைவிடச் சற்று ஆழமானது.

துப்பறியும் கதைக்குள் காதலே வரக்கூடாது என்று ஒரு காலத்தில் கோட்பாடாகவே சொன்னார்கள். எஸ். எஸ். வான் டைன் 1928-இல் எழுதிய இருபது விதிகளில் ஒன்று அது: குற்றவாளியைச் சட்டத்தின் முன் நிறுத்துவது வேலை, ஜோடியை மணமேடையில் நிறுத்துவது வேலையல்ல என்பது அதன் சாரம். இந்த எரிச்சலுக்கு நியாயம் உண்டு. காதல் பெரும்பாலும் துப்புத்துலக்கலை நிறுத்திவைக்கும் இடைவேளையாகவே வந்தது. ஆனால் இந்த விதிக்கு அறுபது ஆண்டுகள் முன்பே, ஆங்கிலத்தின் முதல் பெரிய துப்பறியும் நாவல்களுள் ஒன்றான 'தி மூன்ஸ்டோன்' (1868) வேறொரு வழியைக் காட்டியிருந்தது. வைரத்தைத் தான் காதலிப்பவனே எடுத்துப்போவதை ரேச்சல் தன் கண்ணால் பார்த்துவிடுகிறாள். யாரிடமும் சொல்லாமல் வாயை மூடிக்கொள்கிறாள். அவனோ அபினின் மயக்கத்தில் செய்த காரியம் தனக்கே தெரியாமல், தொலைந்த வைரத்தை ஊரெல்லாம் தேடுகிறான். அவளுடைய மௌனம்தான் காதலுக்குத் தடை, அதே மௌனம்தான் வழக்குக்கும் தடை. வில்கி காலின்ஸின் நாவலில் காதலை வெட்டி எடுத்தால் மர்மமே இருக்காது. காதல் நாவலின் இலக்கணத்தை 2003-இல் எட்டு உறுப்புகளாக வகுத்த பமீலா ரெஜிஸ், காதலர்களைப் பிரித்துவைக்கும் தடையை அவற்றில் ஒன்றாக வைக்கிறார். அந்தத் தடை எந்தப் பொருளால் ஆனது என்று பார்த்தாலே ஒரு காதல் மர்மக் கதையின் தரத்தைப் பெருமளவு சொல்லிவிடலாம். தடை ஒரு பக்கமும் குற்றம் இன்னொரு பக்கமும் நின்றால் அது இரண்டு கதைகளைத் தைத்த துணி. இரண்டும் ஒன்றேயானால், அதுதான் இந்த வகையின் உண்மையான வடிவம்.

நிருபர் நாயகிக்கு முந்தைய மரபில் காதல் மர்மக் கதையின் நாயகி, பெரிய வீட்டுக்குள் புதிதாக நுழைந்து, பூட்டிய அறைகளுக்கு வெளியே நின்றவள். டாஃப்னி டு மாரியேயின் 'ரெபெக்கா' (1938) நாயகிக்குப் பெயர்கூட இல்லை. கணவனின் முதல் மனைவி எப்படி இறந்தாள் என்று கேட்கும் துணிவு அவளுக்கு நாவலின் பெரும்பகுதிவரை இல்லை. கடைசியில் அவள் உண்மையை அறியும்போது, கணவன் கொலை செய்தவன் என்று தெரிந்தும் அதைத் தன்னோடு வைத்துக்கொள்கிறாள்; அந்த ரகசியத்தின் பங்காளியாவதே மனைவியாவது என்று நாவல் முடிவெடுத்துவிடுகிறது. ஜோவான்னா ரஸ் 1973-இல் எழுதிய கட்டுரையில், அக்காலத்து கோதிக் காதல் நாவல்களில் நாயகியின் முக்கியமான வேலையே கணவனைச் சந்தேகிப்பதுதான் என்று நக்கலும் கூர்மையுமாகக் காட்டினார். நிருபர் நாயகி இந்தப் பரம்பரையில் வந்தவள்தான். ஒரே வித்தியாசம், கேள்வி கேட்பதற்கு அவள் சம்பளம் வாங்குகிறாள். பூட்டிய அறையின் வாசலில் அவள் தயங்கி நிற்க வேண்டியதில்லை. தட்டுவது அவள் தொழில். உள்ளே இருப்பதைத் தெரிந்துகொண்டு ரகசியத்தின் பங்காளியாவதுதான் அவளால் முடியாது, ஏனென்றால் மறுநாள் காலையில் அது அச்சில் வர வேண்டும். 'ரெபெக்கா'வின் முடிவை அப்படியே ஒரு நிருபருக்குக் கொடுத்தால் அவள் தொழிலே போய்விடும்.

டார்ச்சி பிளேன் படங்கள் இதை எப்படிக் கையாண்டன என்று பார்க்கலாம். 1937-க்கும் 1939-க்கும் இடையில் ஒன்பது படங்கள். ஏழில் கிளெண்டா ஃபாரெல் நடித்தார், ஒன்றில் லோலா லேன், கடைசிப் படத்தில் ஜேன் வைமன். முதல் படத்தில் டார்ச்சி டாக்சியில் ரயிலைத் துரத்திப் பிடித்து, ஓடும் ரயிலில் தாவி ஏறி ஒருவரைப் பேட்டி எடுக்கிறாள். அந்த ஆள் சுடப்படும்போது பக்கத்தில் இருப்பவளும் அவள்தான். துப்பறிவாளர் வந்து சேர்வதற்கு முன்பே அவளிடம் செய்தி இருக்கிறது. 'தி அட்வென்சரஸ் பிளாண்ட்' படத்தில் மற்றப் பத்திரிகைகளின் நிருபர்கள் அவளுடைய திருமணத்தையே குலைக்கச் சதி செய்கிறார்கள். இப்போதே எல்லாச் செய்தியும் முதலில் அவளுக்குத்தான் போகிறது, திருமணமும் ஆகிவிட்டால் நம் கதி என்ன என்பது அவர்களுடைய கவலை. அவர்கள் ஒரு போலிக் கொலையை அரங்கேற்றப்போக, செத்ததுபோல் நடிக்க வந்தவர் உண்மையாகவே கொல்லப்படுகிறார். 'பிளாண்ட்ஸ் அட் வொர்க்' (1938) இன்னும் நேரடியானது. காதலிக்குத் தகவல் கசியவிடுகிறார் என்ற புகார் மேலிடத்துக்குப் போக, இனி எதுவும் சொல்லமாட்டேன் என்று மெக்பிரைட் கையை விரிக்கிறார். டார்ச்சி அவரிடம் எதுவும் கேட்பதில்லை. அவருடைய கார் ஓட்டும் போலீஸ்காரர் கஹகன் எழுதிவைக்கும் நாட்குறிப்பைப் படித்துக்கொள்கிறாள்! இறுதியில் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்கும் போகிறாள். நகைச்சுவையாகச் சொல்லப்பட்ட கதைதான். ஆனால் வழக்கும் காதலும் தொழிலும் ஒரே கசிவில் மாட்டிக்கொள்வதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம்.

மூன்று ஆண்டில் ஒன்பது படம் என்று ஆலைச் சரக்குபோல் வந்தவற்றின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். ஏற்றலாம் என்றே நினைக்கிறேன். தனி மேதையின் படைப்பில் ஒரு முடிவு அவருடைய விருப்பமாக இருக்கக்கூடும். அவசரமாக, சூத்திரப்படி, மலிவாகச் செய்ததில் தெரிவது சூத்திரத்தின் விருப்பம். இந்தப் படங்களின் சூத்திரத்துக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. திருமணம் எப்போதும் அடுத்த வாரம். அடுத்த வாரம் வந்ததும் ஒரு கொலை நடந்துவிடும். அடுத்த படத்துக்கு நாயகி வேண்டும் என்ற வியாபாரக் கணக்கு இதற்கு ஒரு காரணம், சந்தேகமில்லை. அந்தக் கணக்கு தற்செயலாக ஓர் உண்மையையும் காப்பாற்றியது. மெக்பிரைட்டை மணந்த டார்ச்சி, அதே நகரத்தின் குற்றச் செய்திகளை எழுதும் டார்ச்சியாக இருக்க முடியாது. கதையாசிரியர்கள் அந்தச் சிக்கலை ஒருபோதும் தீர்க்கவில்லை, தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். தீர்த்தவர்களைவிட அவர்கள் நேர்மையானவர்கள். நெபெலின் கென்னடிக்கு இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணமும் இதுவே. நட்பு எந்த நாளும் பத்திரம் எழுதிக் கேட்பதில்லை. கென்னடி இன்று ஒன்றை மறைத்து நாளை இன்னொன்றை வெளியிட்டாலும், திட்டிவிட்டுச் சேர்ந்து நடக்கலாம்.

வாசகர்கள் இதையெல்லாம் தேடி வருவதில்லை, பாதுகாப்பான நாற்காலியில் உட்கார்ந்து ஆபத்தை அனுபவிக்க வருகிறார்கள், நிருபர் வேலை நாயகியைக் கொலைக்களத்துக்குக் கொண்டுவர ஒரு சாக்கு மட்டுமே என்பது இரண்டாவது ஆட்சேபம். சாக்கு என்றால் அதற்கு வேறு தொழில்கள் எத்தனையோ உண்டு. மருத்துவர், வழக்கறிஞர், சாட்சி, பக்கத்து வீட்டுக்காரி யாரும் போதும். இதைச் சோதிக்க எளிய வழி, இந்த ஜோடி கதையின் நடுவில் எந்த இடத்தில் பிரிகிறது என்று பார்ப்பது. துப்பாக்கி நீளும்போது அவர்கள் பிரிவதில்லை. அப்போது இன்னும் நெருங்குகிறார்கள். காலையில் செய்தித்தாள் வந்து விழும்போதுதான் பிரிகிறார்கள். உன்னிடம் மட்டும் சொன்னது எப்படி முதல் பக்கத்தில் வந்தது என்ற கேள்வி, அல்லது என்னிடம் இதை ஏன் மறைத்தாய் என்ற எதிர்க்கேள்வி. ஆபத்து அவர்களைச் சேர்க்கிறது, தகவல் பிரிக்கிறது. தமிழ்த் துப்பறியும் நாவல் வாசகர்களுக்கு இந்த வேறுபாடு சட்டென்று புரியும். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா ஜோடியும், சுபாவின் நரேந்திரன், வைஜயந்தி ஜோடியும் ஒரே துப்பறியும் நிறுவனத்தில் வேலை செய்பவர்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரிய வேண்டும் என்பதே அங்கே வேலை விதி. அதனால் அந்தக் கதைகளில் சீண்டலும் கிண்டலுமான காதல், மர்மத்துக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயாக நிற்கிறது. குறையாகச் சொல்லவில்லை, ஊறுகாய்க்கென்றே படித்தவர்கள் உண்டு. ஆனால் சுசீலாவை ஒரு நாளிதழின் குற்றச் செய்தி நிருபராக்கிப் பாருங்கள். அதே கிண்டல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துவிடும்.

நிருபர்தான் விட்டுக்கொடுக்கிறார் என்றேன். அது ஏன்? நிருபர் பெண்ணாகவும் துப்பறிவாளர் ஆணாகவும் இருப்பதால்தான், இது ஆணாதிக்கத்தின் இன்னொரு முகம் என்பது தயாராகக் கிடைக்கும் பதில். அதில் உண்மை நிறையவே இருக்கிறது. டார்ச்சி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைகள் பெண்களைப் பெரும்பாலும் சமையல், சமூகம், உருக்கக் கட்டுரை என்ற வேலிக்குள்தான் வைத்திருந்தன. 1933-இல் வெள்ளை மாளிகைக்கு வந்த அதிபரின் மனைவி எலனோர் ரூஸ்வெல்ட் தன் செய்தியாளர் சந்திப்புகளுக்குப் பெண் நிருபர்களை மட்டும் அனுமதித்தார். அதனாலேயே சில பத்திரிகைகள் பெண்களை வேலையில் வைத்துக்கொள்ள நேர்ந்தது. அந்த நிலையில் ஒரு பெண் நிருபர் காதலுக்காகப் பேனாவை வைத்துவிடுவாள் என்று கதையாசிரியர்கள் நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் பாலினம் மட்டுமே காரணம் என்று நின்றுவிட்டால், அதற்கு அடியில் இருக்கும் வேறொரு சமமின்மை கண்ணில் படாது. குற்றச் செய்தியின் சமூகவியலைப் பற்றி 1970-களில் பிரிட்டனில் வெளிவந்த ஆய்வுகள், குறிப்பாக ஸ்டீவ் சிப்னால் 1977-இல் எழுதியதும் ஸ்டூவர்ட் ஹால் குழுவினர் 1978-இல் எழுதியதும், ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. குற்றத்தைப் பற்றி முதலில் பேசுவதும், அது இன்னது என்று வரையறுப்பதும் காவல்துறைதான். நிருபர் அந்த ஊற்றை நம்பிப் பிழைப்பவர். நிருபர் இல்லாமல் காவல்துறை வழக்கை நடத்தும். காவல்துறை வட்டாரங்கள் பேசாவிட்டால் குற்றச் செய்தி நிருபரின் பக்கம் வெறுமையாக இருக்கும். ஆக, காதல் தொடங்குவதற்கு முன்பே தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. காதல் நாவல் அந்தச் சாய்வை எடுத்து, அதற்குப் பாசம் என்று பெயர் சூட்டுகிறது. அவள் வெளியிடாமல் விட்டது அன்பினாலா, அடுத்த செய்திக்கும் அவரிடமே போக வேண்டும் என்பதாலா என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாத இடம் ஒன்று உண்டு. திறமையான நாவலாசிரியர் அந்த இடத்தில்தான் நின்று எழுதுவார்.

டார்ச்சியின் கதை எங்கே போய்ச் சேர்ந்தது என்பது இந்த வாதத்துக்குக் கிடைத்த அருமையான சான்று. சூப்பர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகல், லோயிஸ் லேன் பாத்திரத்துக்கு டார்ச்சி பிளேன் தூண்டுதலாக இருந்தாள் என்றும், பெயர் நடிகை லோலா லேனிடமிருந்து வந்தது என்றும் 1988-இல் 'டைம்' இதழுக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார். 1938-இல் தொடங்கிய அந்தச் சித்திரக்கதையில் மெக்பிரைட்டின் இடத்துக்கு வந்தவர் துப்பறிவாளர் அல்ல, ஆகாயத்தில் பறப்பவர். ஆனால் உறவின் அடிப்படை மாறவில்லை. ஊரிலேயே கெட்டிக்கார நிருபர், ஊரிலேயே பெரிய ரகசியத்தை வைத்திருப்பவன் பக்கத்து மேசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவனையே தேடிக்கொண்டிருக்கிறாள். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கதை இந்த ஒரே மறைப்பில் ஓடியது. அந்தப் பக்கத்து மேசைக்காரன் கிளார்க் கென்ட் அவளிடம் திருமணத்துக்குச் சம்மதம் வாங்கியது 1990-இன் இறுதியில். தான் யார் என்று சொன்னது அதற்குப் பிறகுதான், 1991-இல். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் காதலின் வாக்குறுதி, அப்புறம் தகவல். நிருபரிடம் செய்தியைச் சொல்வதற்கு முன், அவள் அதை எழுதமாட்டாள் என்ற உத்தரவாதத்தை வாங்கியாகிவிட்டது. 1996-இல் திருமணம் நடந்தது. உலகத்தின் மிகப் பெரிய செய்தியைக் கையில் வைத்திருந்த நிருபர் அதை எழுதாமலே இருந்தாள். 2011-இல் சித்திரக்கதையை வெளியிட்ட நிறுவனம் தன் கதையுலகத்தை முதலிலிருந்து தொடங்கியபோது அந்தத் திருமணம் இல்லாமல் போனது. 2015-இல் அந்தப் புதிய லோயிஸ், அவனை மிரட்டல்காரர்களிடமிருந்து விடுவிப்பதற்காக என்றாலும், ரகசியத்தை உலகத்துக்கு வெளியிட்டாள். மனைவியாக இருந்த லோயிஸ் எழுதவில்லை, மனைவி அல்லாத லோயிஸ் எழுதினாள். பல கைகள் மாறி மாறி எழுதிய, யாரும் மொத்தமாகத் திட்டமிடாத ஒரு கதை இப்படி வந்து நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதே சிக்கலுக்கு வேறு விடை தேடியவர் டோரதி எல். சேயர்ஸ். துப்பறியும் கதையில் காதல் இடையூறு என்று 1928-இல் ஒரு தொகுப்பின் முன்னுரையில் அவரும்தான் முறையிட்டார். இரண்டே ஆண்டில் தானே அதை எழுதத் தொடங்கினார். 'ஸ்ட்ராங் பாய்சன்' (1930) நாவலில், கொலைக் குற்றச்சாட்டில் சிறையில் இருக்கும் ஹாரியட் வேனைத் துப்பறிவாளர் லார்ட் பீட்டர் விம்சி காப்பாற்றுகிறார், மணந்துகொள்ளவும் கேட்கிறார். அவள் மறுக்கிறாள். உயிர் கொடுத்தவனுக்குக் கடன்பட்டவளாக ஒரு திருமணம் வேண்டாம் என்கிறாள். சேயர்ஸ் ஐந்து ஆண்டுகள் காத்திருந்து 'காடி நைட்' (1935) நூலில்தான் சம்மதம் சொல்லவைக்கிறார். ஹாரியட் நிருபர் அல்ல, மர்ம நாவலாசிரியர்; விம்சி போலீஸ்காரர் அல்ல. இருந்தும் நம் வகையின் மையக் கேள்வியை வேறு எந்த நாவலும் இவ்வளவு நேராகப் பார்த்ததாக நான் கருதவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ஒரு பெண்கள் கல்லூரியில் மொட்டைக் கடிதங்களும் நாசவேலைகளும் நடக்கின்றன. போலீஸுக்கும் போகக்கூடாது, பத்திரிகைக்கும் தெரியக்கூடாது என்று கல்லூரி ஹாரியட்டை வரவழைக்கிறது. முடிவில் தெரிகிற காரணம் இது: தன் ஆய்வு முடிவுக்கு எதிரான ஒரு சான்றை மறைத்த அறிஞர் ஒருவரை, உண்மையை மதித்த ஒரு பேராசிரியை அம்பலப்படுத்தினார், அந்த அறிஞர் வேலை இழந்து தற்கொலை செய்துகொண்டார், பழிவாங்க வந்தவள் அவருடைய மனைவி. ஒரு குடும்பம் அழியும் என்றாலும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டுமா? ஹாரியட்டும் விம்சியும் இந்தக் கேள்விக்குத் தனித்தனியே விடை காண வேண்டும், அந்த விடையைப் பொறுத்தே அவர்களுடைய உறவும் நிற்கும். சொல்வதா மறைப்பதா என்பதையே குற்றத்தின் வேராக்கியதால், நாயகி பேனாவை வைத்துவிட வேண்டிய கட்டாயம் இந்த நாவலில் எழவே இல்லை.

இதெல்லாம் கற்பனைக் கதை, நிஜ வாழ்க்கையில் பெண் நிருபர்களுக்கு இந்தக் கதைகள் செய்த தீங்கை என்ன சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று ஆட்சேபங்களில் வலுவானது இது. 2019-இல் வந்த 'ரிச்சர்ட் ஜுவல்' படம், 1996 அட்லாண்டா ஒலிம்பிக் பூங்கா குண்டுவெடிப்பில் தவறாகச் சந்தேகிக்கப்பட்ட பாதுகாவலரின் கதை. அந்தச் சந்தேகத்தை முதலில் செய்தியாக்கிய பெண் நிருபர், ஒரு புலனாய்வு அதிகாரியிடம் உடலைக் கொடுத்துத் தகவல் வாங்குவதுபோல் படம் காட்டியது. அவர் அப்போது உயிரோடு இல்லை. அவர் பணியாற்றிய நாளிதழ் இதற்கு ஆதாரமே இல்லை என்று கொதித்தது. காட்சிகள் கற்பனையானவை என்று படத்தில் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என வழக்கறிஞர் மூலம் கடிதம் அனுப்பியது. படத்தை வெளியிட்டது டார்ச்சியை உலவவிட்ட அதே வார்னர் பிரதர்ஸ். ஒரு பெண் நல்ல செய்தி கொண்டுவந்தால் அது எப்படிக் கிடைத்தது என்று புருவம் உயர்த்தும் வழக்கத்துக்கு இந்தக் கதைவகையும் தீனி போட்டிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் படத்தின் பிழை காதலைக் காட்டியதில் இல்லை. அது காட்டியது ஒரு பண்டமாற்று. டார்ச்சி படங்களில் காதல் செய்திக்கு விலையாக ஒருமுறையும் வருவதில்லை. 'பிளாண்ட்ஸ் அட் வொர்க்' படத்திலோ செய்தியைத் தடுக்கும் சுவராகவே வருகிறது, அவள் அந்தச் சுவரைச் சுற்றிப்போய் நாட்குறிப்பைப் படிக்க வேண்டியிருக்கிறது. கிளெண்டா ஃபாரெல், தான் சந்தித்த உண்மையான பெண் நிருபர்களை மனத்தில் வைத்தே, அன்றைய திரையின் கேலிச்சித்திரங்களை விலக்கி நடித்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

நிறுவனங்கள் இந்தச் சிக்கலைக் கற்பனை என்று தள்ளிவிடவில்லை. லண்டனில் பத்திரிகைகளின் தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஊழல் வெடித்த பின், மெட்ரோபாலிடன் காவல்துறைக்கும் ஊடகங்களுக்கும் இடையிலான உறவை ஆராய எலிசபெத் ஃபில்கின் நியமிக்கப்பட்டார். 2012 ஜனவரியில் வெளிவந்த அவருடைய அறிக்கை, நிருபர்கள் தகவல் கறக்கும் உத்திகளாக மதுவையும் சரசப் பேச்சையும் குறிப்பிட்டு அதிகாரிகளை எச்சரித்தது. நிருபர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள், கொஞ்சம் கோபமும் பட்டார்கள். எனக்கு அதில் சுவாரசியமாகப் படுவது, ஒரு காதல் மர்ம நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களை ஓர் அதிகாரபூர்வ அறிக்கை இடர்ப்பட்டியலாக எழுதியிருப்பதுதான். பத்திரிகை நெறிமுறைகளும் தம் பங்குக்கு இதே கதையை மறுபக்கத்திலிருந்து பார்க்கின்றன: சொந்த நலனும் செய்தியும் மோதும் நிலை வந்தால் ஆசிரியரிடம் சொல், அந்தச் செய்தியிலிருந்து விலகு. நாவல்களில் நாயகி இதைச் செய்யும் காட்சி அபூர்வம். செய்தால் அவள் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டுவிடுவாள், அவளை வழக்கின் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்ற கதையின் தேவை அடிபடும்.

ஆகவே தனி நாவல்கள் வேறொரு தந்திரத்தைக் கண்டுபிடித்துள்ளன. 1984-இல் ஹார்லெக்வின் நிறுவனம் 'இன்ட்ரிக்' என்ற பெயரில் இவ்வகைக்குத் தனி வரிசையே தொடங்கிய பிறகு அது நிலைத்த வடிவமாயிற்று. காதல் நாவல் நிறைவும் நம்பிக்கையும் தரும் முடிவோடு முடிய வேண்டும் என்பது அந்தத் தொழிலின் எழுதப்பட்ட இலக்கணம். தொடர் படங்களைப்போல் தள்ளிப்போட முடியாது. எனவே குற்றவாளி பிடிபடும் நேரமும் செய்தி அச்சேறும் நேரமும் ஒன்றாக வருமாறு கதையை முடிக்கிறார்கள். கைவிலங்கு மாட்டியதும் ரகசியத்துக்கு அவசியம் இல்லை; அவரும் இனி மறைக்க வேண்டியதில்லை, அவளும் தாராளமாக எழுதலாம். மோதல் தீர்ந்ததுபோல் தோன்றுகிறது. உண்மையில் தீர்ந்தது இந்த ஒரு வழக்குக்கான மோதல் மட்டும், அதுவும் கைது என்பதோடு வழக்கு முடிந்துவிடுகிறது என்று நாவலும் வாசகரும் சேர்ந்து பாவனை செய்துகொள்வதால். கைதுக்குப் பிறகுதான் குற்றப்பத்திரிகை, சாட்சிப் பட்டியல், விசாரணை எல்லாம் வரும். கடைசி அத்தியாயத்தில் கொலைகாரனின் துப்பாக்கி முன் நின்ற நிருபர் இப்போது அரசுத் தரப்பின் முதல் சாட்சி. தான் எழுதிய செய்திக்குத் தானே சாட்சி சொல்லக் கூண்டில் ஏறுவாள், புலனாய்வு அதிகாரியாக அவரும் ஏறுவார். குறுக்கு விசாரணைக்கு எழும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்தக் கட்டுரை கேட்ட கேள்விகளைத்தான் கேட்பார்: உங்கள் உறவு எந்தத் தேதியில் தொடங்கியது, அந்தத் தேதிக்குப் பிறகு இவர் உங்களிடம் சொன்னவை என்னென்ன, அவற்றில் எதை எழுதினீர்கள், எதை எழுதவில்லை.